அண்ணனுக்குப் பின்னால் இருந்த வேலி

கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படம் பிடிப்பதுதான் என் தொழில். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் முஸ்லிம் வீடுகளில் நிக்காஹ் என்றால், ஆண்கள் இருக்கும் பந்தலுக்குள் யார் வேண்டுமானாலும் கேமரா தூக்கிக்கொண்டு போகலாம். பெண்கள் கூடியிருக்கும் உள்வீட்டுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தக் கடற்கரை முழுக்க எண்ணினாலும் கேமரா தூக்குகிற பெண்கள் நாலு பேர் தேறுவது கஷ்டம். அந்த நாலு பேரில் நான்தான் கெட்டிக்காரி என்று நானே சொல்லிக்கொள்கிறேன். மற்ற மூன்று பேர் மறுத்தால் மறுக்கட்டும்.

அந்த வீடுகளில் வேலை பார்த்ததில் எனக்கு ஒரு பழக்கம் ஊறிவிட்டது. எடுத்ததை வெட்டி ஒட்டி முடித்தவுடன் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் மணப்பெண்ணின் அம்மா முன்னால் உட்கார வேண்டும். பெரியம்மா, சாச்சி, மச்சி என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். "இந்த எடத்துல முக்காடு வெலகிருக்கு, எடுத்துரும்மா." "இவ வாயெல்லாம் தெரியச் சிரிக்கிறா, துபாய்ல மாப்பிள்ளை வீட்டாளுக பாப்பாக, எடுத்துரு." எடுத்துரு என்றால் அங்கேயே, அவர்கள் கண் முன்னால் அழித்தாக வேண்டும். படத்தில் இருக்கிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் பேச்சே இல்லை. பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூட நான் இதில் தவறியதில்லை. அதனால்தான் அக்கா கல்யாணத்துக்குக் கூப்பிட்ட வீட்டில் தங்கை கல்யாணத்துக்கும் என்னையே கூப்பிடுகிறார்கள்.

நான் பிறந்தது பாம்பனில், மீன் பிடிக்கிற வீட்டில். அய்யா கடலுக்குப் போனவர். அண்ணன் விசைப்படகில் டிரைவர். எங்கள் பக்கம் படகை ஓட்டுகிறவருக்கும் டிரைவர் என்றுதான் பெயர். படகு வேறொருவருடையது. ஆனால் அண்ணன் போகிற படகுக்கு ஆள் தேடவே வேண்டாம், கூட வருகிறவர்கள் தாமாக வந்து நிற்பார்கள். முப்பது வருடம் ஓட்டியிருக்கிறார். ஒரு தடவை அக்கரைக் காவல் படகு பிடித்துக்கொண்டு போய், இரண்டு மாதம் அங்கே சிறையிலும் இருந்துவிட்டு வந்தார்.

அவர் சிறையில் இருந்த நாட்களில்தான் எனக்கு ஆவணப்படக்காரர்களின் சகவாசம் ஏற்பட்டது. எங்கள் கடலில் நடக்கிற சண்டையைப் படம் எடுக்க வருடத்துக்கு ஒரு கூட்டமாவது வந்துவிடும். இந்தப் பக்கத்து விசைப்படகுக்கும் அந்தப் பக்கத்து மீனவருக்கும் பல வருடமாக ஓயாத சண்டை. இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறவர்கள் என்பது வருகிறவர்களுக்கெல்லாம் பெரிய ஆச்சரியம். வீடுகளில் பெண்களைப் பேச வைக்க உள்ளூர்க்காரி ஒருத்தி வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒரே படம்தான். பாலத்தின்மேல் ரயில், மண்டபம் அகதி முகாமின் வாசல், அழுகிற மனைவி. முதல் இரண்டும் எப்போதும் கிடைக்கும். மூன்றாவதற்கு அண்ணன் மனைவி, எங்கள் மதினி அகப்பட்டாள்.

அவள் பாவம், உண்மையாகவே அழுதாள். அழுது முடித்ததும், படம் எடுக்க வந்திருந்த டைரக்டர் என்னிடம் மெதுவாக, "நடுவுல காக்கா கத்திடுச்சு. இன்னொரு தடவை அழச் சொல்றீங்களா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மதினிக்குக் காது கேட்டுவிட்டது. "தொறந்தா ஊத்துறதுக்கு நா என்ன கொழாயா? காக்காயவே கூப்புட்டு அழச் சொல்லுங்க" என்று முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு ஒரு வீம்பு. எங்கள் கதையை எங்களில் ஒருத்தி எடுத்தால் என்ன? எனக்கு மட்டும் கேமரா பிடிக்கத் தெரியாதா?

அண்ணன் திரும்பி வந்து சில வருடம் கழித்து அதற்கு வேளை வந்தது. இரண்டு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசப்போகிறார்கள் என்று ஏற்பாடாயிற்று. அக்கரையிலிருந்து ஏழு பேர் பக்கத்து ஊரான மண்டபத்துக்கு வருவதாக இருந்தது. எங்கள் சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்து, "ஏம்மா, வந்தவன் போனவனெல்லாம் எடுக்குறான். நம்ம கஷ்டத்த நம்மளே அரை மணி நேரம் ஓடுற மாதிரி எடுத்துக் குடு. அவுகளுக்குப் போட்டுக் காட்டுவோம்" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்த மாதம் வந்த இரண்டு கல்யாணங்களை மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டேன்.

எடுத்தேன். கல்யாண வீடியோக்காரி எடுக்கிற மாதிரிதான் எடுத்தேன் என்பதை இப்போது சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறேன். கல்யாணத்தில் ஒரு சொந்தக்காரர் முகம் விட்டுப்போனாலும் ஆறு மாதத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. அந்தப் பயத்தில் சங்கத்து நிர்வாகிகள் பதினொரு பேரையும் ஒவ்வொருவராகக் கும்பிட்டபடி வாசலில் நுழைய வைத்துப் படத்தின் தொடக்கத்தில் சேர்த்தேன். சந்தனம் கொடுக்காததுதான் குறை. நல்ல வேளையாகப் பாட்டு ஒன்றும் போடவில்லை.

படத்தின் உயிர் அண்ணன்தான். வீட்டு முற்றத்தில், வேப்பமர நிழலில், கீரைப்பாத்தி வேலிக்கு முன்னால் உட்கார வைத்தேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து முகம் எடுப்பாகத் தெரிந்தது. சிறையில் இருந்தது, படகு பறிபோனது, கல்லெறி வாங்கிய தழும்பு, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். என் வழக்கப்படி படத்தில் இருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் போட்டுக் காட்டினேன். ஒருவர் தொந்தி தெரிகிறது என்றார், எடுத்தேன். தலைவர் தான் இன்னும் கொஞ்சம் வரலாமே என்றார், சேர்த்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார்.

அந்த ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் போட்டோம். வந்திருந்த ஏழு பேரில் இரண்டு பேர் பெண்கள். அண்ணனையும் சேர்த்து எங்கள் ஆட்கள் நூறு பேராவது இருப்பார்கள். படம் முடிந்ததும் கைதட்டினார்கள். தலைவர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார், நின்றேன். அப்போது அக்கரைப் பெண்களில் மூத்தவர் எழுந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சத்தம் போடவே இல்லை.

"தங்கச்சி, படம் நல்லாயிருக்கு. உங்கட அண்ணர் பட்ட பாடும் உண்மைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அவருக்குப் பின்னாலை வேலியிலை கட்டிக் கிடக்கிறது எங்கட வலை."

மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். அவர் என்னைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். அண்ணனின் தோளுக்குப் பின்னால், கோழி உள்ளே வராமல் கட்டிய வேலியில், வலையின் மேல்கயிற்றில் ஓரிடத்தில் சிவப்பு நூலில் இரண்டு முடிச்சு தெரிந்தது.

"எங்கட ஊரிலை வலை கட்டுறது பொம்பிளையள். எங்கட வலையெண்டு கண்டுபிடிக்க இப்பிடிச் சிவப்பு நூல் போடுவம். நானும் போட்டிருக்கிறன். யுத்தம் நடக்கேக்கை எங்களைக் கடலுக்கு விடேல்லை. முடிஞ்சு விட்ட பிறகு கட்டின முதல் வலையள் இது. ஒரே இரவிலை எல்லாம் போயிட்டுது. போனது எங்கையெண்டு இண்டைக்குத்தான் கண்டனான்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் தலைவர் உடனே எழுந்து, கடலில் மிதந்து வந்தது கரையில் ஒதுங்கியிருக்கும் என்று என்னவோ சொன்னார். யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முக்காடு அரை அங்குலம் விலகினால் கண்டுபிடிக்கிற என் கண், அந்த வலையைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் என்ன, எத்தனையோ தடவை பார்த்தேன். எங்கள் ஊரில் பத்து வீட்டுக்கு ஆறு வீட்டில் வேலி அப்படித்தான் இருக்கும். விசைப்படகு இழுத்துக்கொண்டு போகிற பெரிய வலையை மடி என்போம்; அதில் சிக்கி வருகிற அடுத்தவர் வலையை அறுத்துப் போட்டு, கரைக்குக் கொண்டுவந்து, கோழிக்கும் கீரைக்கும் முருங்கைக் கன்றுக்கும் கட்டுவோம். அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. படத்தில் இருந்த எல்லோரிடமும் போட்டுக் காட்டிக் கேட்டேனே, பார்த்தவர் ஒருவருக்கும் கண்ணில் படவில்லை. எல்லோரும் எங்கள் ஆட்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பையை வைக்காமல் பின்பக்கம் போனேன். என் கொத்தமல்லிப் பாத்திக்கும் வலைதான் போர்த்தியிருந்தது. குனிந்து மேல்கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே போனேன். மூன்றாவது முழத்தில் சிவப்பு நூல் இருந்தது. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த கூட்டம் ஒரு மாதம் கழித்து. தலைவர் போனில் கூப்பிட்டு, "உங்க அண்ணனக் கடற்கரையில உக்கார வச்சுப் புதுசாப் படம் புடிச்சுரு. அந்த வேலி வர்றதத் தூக்கிரு" என்றார். சரி என்றுதான் சொன்னேன். வேறென்ன செய்வது என்று அப்போது எனக்கும் தெரியவில்லை. கேமராவோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கடற்கரைக்குப் போவோம் என்றேன். அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே, அதே வேலிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"இங்கனயே எடு" என்றார்.

"தலைவரு வேணாங்குறாருண்ணே."

"தலைவரா டிரைவரு? எடு ஆத்தா."

எடுத்தேன். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவராகவே பேசினார்.

"ராத்திரி நேரத்துல வலை கெடக்குறது எங்களுக்குத் தெரியாதும்போம். எல்லாரும் அப்புடித்தான் சொல்லுவோம், நானும் சொல்லிருக்கேன். தெரியும். வெறும் மடிய இழுக்கயில இன்ஜின் ஒரே சீரா ஓடும். அடுத்தவுக வலை மாட்டுனா முக்கும். அந்தச் சத்தம் தூக்கத்துலயும் எனக்குத் தெரியும். ஒடனே நிறுத்துனா அவுக வலையில பாதியாவது தப்பிக்கும். நான் நிறுத்துனது கெடையாது. நிறுத்துனா மடிய ஏத்தி எறக்க ஒரு மணி நேரம் போகும், அன்னைக்கு மீன்பாடு போயிரும். அதனால இழுத்துட்டே போயிருவேன். இந்தா பின்னால கெடக்குறது அப்புடி வந்ததுதான். அந்தம்மா கட்டுன வலையா இருந்தாலும் இருக்கும்."

இவ்வளவுதான் பேசினார். மூன்று நிமிடம்கூட இல்லை.  சிறையில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவர், அடி வாங்கியவர், தன் பக்கம் நூறு நியாயம் வைத்திருப்பவர், அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைச் சொல்கிறார். என் அண்ணன் என்று அப்போது எனக்கு வந்த பெருமை, அய்யா என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட அன்றுகூட எனக்கு வந்ததில்லை.

பெருமையோடு பயமும் வந்தது. இது வெளியே போனால் எந்தப் படகு முதலாளியும் அண்ணனை ஏற்ற மாட்டார். அவருக்கு ஐம்பத்து இரண்டு வயது. படகு ஓட்டுவதைத் தவிர வேறு வேலை பார்த்தவரில்லை. வெட்டி முடித்து, வழக்கம்போல லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் "எடுத்துரு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். சொன்னால் அந்த நிமிடமே அழித்திருப்பேன். பதினைந்து வருட விதி எனக்குத் துணைக்கு வந்திருக்கும்.

மதினிதான் முதலில் சொன்னாள். "எடுத்துரு புள்ள. ஊரே சேந்து செஞ்சதுக்கு இவுக ஒருத்தவுக எதுக்குத் தலையக் குடுக்கணும்? நாளைக்குக் கடலுக்குக் கூப்புடலேன்னா நீயா வந்து ஒலை வைப்ப?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நானும், "அண்ணே, மதினி சொல்றது சரிதான். நீங்க சொன்னீகன்னா இப்பயே எடுத்துர்றேன்" என்றேன்.

அண்ணன் படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். முழுக்கப் பார்த்தார். "அந்தம்மா நூறு ஆம்பளைக்கு நடுவுல எந்திரிச்சுச் சொல்லுச்சு. என் வீட்டு வாசல்ல உக்காந்து சொல்றதுக்கு எனக்கென்ன?" என்றார். மதினியைப் பார்த்து, "இருக்கட்டும்" என்றார். மதினி எழுந்து உள்ளே போனாள். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தாள், சர்க்கரை போடாமல். கோபம் என்றால் அவள் அப்படித்தான்.

தலைவருக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. போனில் காட்டுக் கத்தல். "அதத் தூக்கலேன்னா படமே ஓடாது" என்றார். "உங்க மொகம் வர்ற எடத்தத் தூக்கச் சொல்லுங்கண்ணே, இப்பயே தூக்கிர்றேன். எங்கண்ணன் மொகத்த எங்கண்ணன்தான் சொல்லணும். இது என் தொழில் வழக்கம்" என்றேன். கும்பிட்டுக்கொண்டே நுழைகிற தன் முகத்தைத் தூக்க அவருக்கு மனசு வரவில்லை. படம் ஓடாமல் போனால் வந்திருக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற யோசனையும் அவருக்கு இருந்திருக்கும். போனை வைத்துவிட்டார்.

இரண்டாவது கூட்டத்துக்கு அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நடு வரிசையில் உட்கார்ந்தார். "இன்ஜின் முக்கும்" என்று திரையில் சொன்னபோது எங்கள் டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நிறுத்துனது கெடையாது" என்றதும் பின்னாலிருந்து ஒருவன், "ஏலே, படத்த நிறுத்துங்கடா" என்று கத்தினான். இன்னொருவன் துரோகி என்றான். காட்டிக் கொடுத்துட்டான், சொந்த ஊரையே வித்துட்டான், அந்தப் பக்கம் எவ்வளவு வாங்குனான் என்று நாலா பக்கமும் சத்தம். நாற்காலிகள் நகர்ந்தன.  அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் படத்தை நிறுத்தவில்லை. ஓடி முடிந்தது.

சத்தம் அடங்கிய பிறகு அக்கரையிலிருந்து வந்த ஒருவர் எழுந்து, "எங்கட ஆக்கள் உங்கட பெடியளுக்குக் கல்லாலை எறிஞ்சதும் உண்மைதான். நானும் எறிஞ்சனான்" என்றார். அதுவரை அவர்கள் பக்கத்திலிருந்து யாரும் அதை ஒத்துக்கொண்டதில்லை. அன்று மாலை வரை பேசினார்கள். சண்டை தீர்ந்துவிடவில்லை, இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் அவர்கள் வலை போடுகிற இடத்தையும் நாளையும் முன்கூட்டியே போனில் சொல்வது, எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் மடி இறக்காமல் இருப்பது என்று ஒரு சின்ன உடன்பாடு ஆனது. சில டிரைவர்கள் கேட்கிறார்கள், சிலர் கேட்பதில்லை. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாகத்தான் படுகிறது. வெளியூரில் இரண்டு மூன்று இடங்களில் அந்தப் படத்தைப் போட்டார்கள். ஓரிடத்தில் கேடயம் கொடுத்தார்கள், அதைப் பெட்டியோடு மதினியிடம் கொடுத்தேன்.

விசைப்படகுகள் எங்கள் ஊரில் சனிக்கிழமையும் சேர்த்து வாரத்துக்கு மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். கூட்டம் முடிந்த மறு சனிக்கிழமை, முதலாளியிடமிருந்து அண்ணனுக்குப் போன் வரவில்லை. அவர் படகில் வேறொரு டிரைவர் ஏறியிருக்கிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள்.  அண்ணன் வழக்கமான நேரத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று மதினி கேட்டதற்கு, "இன்னைக்குச் சனிக்கெழமல்ல?" என்று மட்டும் சொன்னார். எனக்கு மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன். கேமரா எடுத்துப் போகவில்லை.

படகு கட்டுகிற ஜெட்டிப் பாலத்தின் நுனியில் போய் நின்றார். படகு ஒவ்வொன்றாக அவரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். முப்பது வருடமாகக் கூட ஓட்டிய டிரைவர்கள். சிலர் பார்க்காத மாதிரி போனார்கள். ஒருவர் காறித் துப்பினார். ஒரு படகிலிருந்து மறுபடியும் அந்தத் துரோகி என்கிற வார்த்தை வந்தது. அவரோடு வழக்கமாகப் போகிற இரண்டு பேர் புது டிரைவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். கடைசிப் படகும் போன பிறகு தண்ணீர் அடங்கியது.  நான்தான் இவரை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டேன் என்று தோன்றியது. அதைச் சொல்லவும் சொன்னேன்.

"அண்ணே, நா அந்தப் பேச்ச எடுத்துருக்கணும். மதினி சொன்னப்பயே எடுத்துருக்கணும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் படகு நிறைய மீனோடு கரைக்கு வருகிற நாளில் இருக்குமே, அந்தத் தெளிவும் இருந்தது.

"ஏத்தா, அன்னைக்கு மண்டபத்துல அம்புட்டுப் பேரு கத்துனானுக. இன்னைக்கு இம்புட்டுப் படகு போச்சு. எல்லாத்தயும் சொல்லித் திட்டுனானுக. ஒருத்தனாவது நான் சொன்னது பொய்யின்னு சொன்னானா?"